கண்ணு பாத்துச்சா, லிஸ்ட்டு பாத்துச்சா?

என் மகள் உளவியலில் மேல்படிப்பு படிக்கிறாள். போன மாதம் வகுப்பில் பேசுவதற்கு அவளுக்கு ஒரு தலைப்பு கொடுத்திருந்தார்கள். கண்ணில் வெளிச்சம் விழுகிறது, நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, அதுவரைக்கும் சரி. அது எந்த இடத்தில், எப்படி ‘நான் பார்க்கிறேன்’ என்று ஆகிறது? இதற்கு உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களாம். காலடிப்பேட்டை வீட்டு ஹாலில் என்னை உட்காரவைத்து, மின்விசிறிக்குக் கீழே நின்று ஒத்திகை பார்த்தாள். நானும் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் கோட்பாட்டை ஆரம்பித்தாள். மூளை சும்மா காத்துக்கொண்டு இருப்பதில்லை. எதிரில் என்ன இருக்கும் என்று முந்திக்கொண்டு ஒரு ஊகம் போட்டுவிடுகிறது. கண் அனுப்புகிற சேதி அந்த ஊகத்தைத் திருத்துவதற்கு மட்டும்தான். ஆக, நாம் பார்ப்பதில் பாதிக்கு மேல் நம்முடைய ஊகமே.

“இத எங்க யார்டுல ஒரு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்களே” என்றேன்.

மகள் முறைத்தாள். “அப்பா, இது நியூரோ சயின்ஸ்.”

“அதான் சொல்றேன். அந்தம்மா பன்னண்டாவது ஃபெயிலு. ஆனா சொன்னாங்க.”

“பீலா வுடாதப்பா.”

நான் பீலா விடவில்லை. மற்ற விஷயங்களில் விட்டதுண்டு, இதில் இல்லை. அந்தம்மாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், எங்கிருந்தாலும் தேடி வந்து, “என்ன பத்தி எழுதினியே, நீ பாத்தத எழுதினியா, நெனச்சத எழுதினியா?” என்று குடைவார். அவரைத் திருப்திப்படுத்த என்னால் முடியாது.

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் ஒரு கண்டெய்னர் யார்டு. துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகளை டிரெய்லரில் கொண்டுவந்து அடுக்கி வைத்து, பிறகு உரியவருக்கு அனுப்புகிற இடம். அங்கே நான் செக்கர். வெளியே போகிற கேட்டில் நான், உள்ளே வருகிற பக்கத்தில் அந்தம்மா. வியாசர்பாடி அடுக்ககத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தை மல்லிப்பூ நசுங்காமல் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நான் ‘யக்கா’ என்பேன், அவர் என்னை ‘நைனா’ என்பார்.

எங்கள் வேலையை வெளியிலிருந்து பார்த்தால், இதற்கு ஒரு சம்பளமா என்று தோன்றும். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். பெட்டியில் இருப்பதும் லிஸ்ட்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி பார்த்துவிட்டு வந்து யாராவது ‘அவ்வளவுதானா’ என்று கேட்கட்டும்.

நாங்கள் எல்லோரும் லிஸ்ட்டை முதலில் படிப்போம், பிறகு நிமிர்ந்து பெட்டியைப் பார்ப்போம். அதுதான் சுலபம். அந்தம்மா மட்டும் லிஸ்ட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிவிடுவார். வெறுங்கையோடு பெட்டிக்கு முன்னால் போய் நின்று, இலக்கங்களை வலமிருந்து இடமாக, ஒவ்வொன்றாக, சத்தம் போட்டுப் படிப்பார். ஒரு சிட்டையில் எழுதுவார். பிறகு தன்னையே கேட்பார், “பாத்தியா?” அவரே பதிலும் சொல்வார், “பாத்தேன்.” அதற்கப்புறம்தான் லிஸ்ட் வெளியே வரும்.

டிரெய்லர் ஓட்டுநர்களுக்கு இது பெரிய பேஜார். “இன்னா யக்கா, பெட்டிகிட்ட ஜோசியம் கேக்கறியா?” என்று மேலேயிருந்து கத்துவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் வரிசையில் ஊர்ந்து வந்தவனுக்கு வருகிற ஆத்திரம் எனக்கும் புரியும். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “வலிச்சா ஹாரன் அடி. நம்பரு மாறாது” என்பார்.

நானும் சிரித்தவன்தான். ஒரு நாள் என் சிரிப்புக்கு வேட்டு வந்தது. நாற்காலி வரவேண்டிய ஒரு வியாபாரிக்கு, அத்திப்பட்டுப் பக்கத்தில், பெட்டியைத் திறந்தால் காய்ந்த மிளகாய். ஊரே தும்மியிருக்கிறது. வெளியே அனுப்பியது நான். ஒரே ஒரு இலக்கம், பெட்டியில் மூன்று, லிஸ்ட்டில் எட்டு. நான் அந்த எட்டைப் பெட்டியில் பார்த்தேன் என்று என் குலசாமி மேல் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் இல்லை. வெள்ளைப் பெயின்ட்டில், இரண்டு வளையத்தோடு, அந்த எட்டு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தம்மா என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கண்ணு பாத்துச்சா நைனா, லிஸ்ட்டு பாத்துச்சா?”

“எட்டத்தான் யக்கா பாத்தேன்” என்றேன்.

“லிஸ்ட்ட மொதல்ல படிச்சிட்டியா, அவ்ளோதான். எட்டு வரும்னு உள்ள எழுதியாச்சு. அப்பறம் கண்ணு சும்மா ஒப்புக்கு எட்டிப் பாக்கும். மூணு நின்னாலும் எட்டுன்னு கையெழுத்து போட்டுரும். அது உன் தப்பு இல்ல, மண்டையோட வேல அப்டி. தப்பு எங்கன்னா, லிஸ்ட்ட மொதல்ல தொறந்த பாரு, அதான்.”

இதைத்தான் என் மகள் ஊகம், திருத்தம் என்று நாற்பது நிமிடம் பேசினாள். கொஞ்சம் கர்வமாகத்தான் சொல்கிறேன், எங்கள் யார்டு அம்மா ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் சொல்லிமுடித்தார், அதுவும் எங்கள் பாஷையில். சினிமாக்காரர்கள் நக்கலடிக்க வைத்துக்கொண்டிருக்கிற அதே பாஷை.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்று விசாரித்தேன். யார்டில் ஓட்டுநர்களுக்கு ஒரு கண் முகாம் போட்டார்களாம். நான் சேருவதற்கு முன்னால். கூட்டம் குறைவாக இருந்த நேரத்தில் ஒரு டாக்டரம்மா இவருக்கு ஒரு வேடிக்கை காட்டியிருக்கிறார். அதை இவர் எல்லோருக்கும் காட்டுவார். கேட் அறைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி, அதற்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டுமே பார்த்தபடி மெல்ல முன்னால், பின்னால் நகர வேண்டும். ஒரு தூரத்தில் புள்ளி காணாமல் போய்விடும். கண்ணுக்குள்ளேயே நரம்பு புறப்படுகிற இடத்தில் பார்வை கிடையாதாம்.

எல்லோரும் புள்ளி மறைந்ததற்கு ‘அட’ போட்டுவிட்டுப் போவார்கள். அந்தம்மா விடமாட்டார். “புள்ளி போச்சு. சரி. அந்த எடத்துல ஒரு ஓட்ட தெரியணும்ல? ஓட்ட தெரியலியே, செவுருதான் தெரியுது. அங்க செவுர யாரு பூசுனா?”

எல்லோரும் மறுபடி சுவரைப் பார்ப்பார்கள்.

“உள்ள ஒரு கொத்தனாரு குந்தினுகீறாரு. ஓட்டைய கண்டா பூசிருவாரு. நம்மள ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. எத்தினி எடத்துல பூசி வெச்சிகீறாரோ, யாரு கண்டா?”

அன்றிலிருந்து அவர் தன் கண்ணையே ஒரு கண் வைத்துப் பார்க்க ஆரம்பித்தவர். ஒரு சினிமா நடிகரைத் தண்டையார்பேட்டையில் பார்த்தேன் என்று எவனாவது வந்து சொன்னால் தொலைந்தான். மூஞ்சியைப் பார்த்தாயா, கூட்டத்தைப் பார்த்தாயா? கூட்டம் நடிகர் பெயரைச் சொன்ன பிறகு பார்த்தாயா, அதற்கு முன்னால் பார்த்தாயா? பாதிக் கேள்வியிலேயே அவன் ‘வுடு யக்கா, நான் யாரையுமே பாக்கல’ என்று ஓடிவிடுவான். ஒருமுறை ஒரு ஃபிட்டரின் மனைவி, தன் புருஷன் வேறொருத்தியோடு ராயபுரம் பாலத்தடியில் நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்ததாகச் சொல்லி அழுதுகொண்டு வந்தாள். அந்தம்மா பக்கத்து வீட்டுக்காரியையே வரவழைத்து விசாரித்ததில், அவள் பார்த்தது ஒரு கட்டம் போட்ட சட்டையின் முதுகை. பொங்கலுக்கு யார்டில் கொடுத்த சட்டை அது. என்னிடமும் ஒன்று இருந்தது, இன்னும் அறுபது பேரிடமும் இருந்தது. ஒரு குடும்பம் தப்பித்தது.

சேதம் எழுதுகிற படிவத்தில் பெட்டியின் நிறத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் ‘சிவப்பு’ என்று எழுதிவிட்டுப் போவோம். அந்தம்மா ‘எனக்குச் செங்கல் நிறம்’ என்று எழுதுவார். அது என்ன ‘எனக்கு’ என்று மேற்பார்வையாளர் கடுப்பாவார். “உங்களுக்கு எப்டி தெரியுதுன்னு எனக்கு எப்டி சார் தெரியும்? உங்க கண்ண கயட்டி எனக்கு மாட்டி வுட முடியுமா?” என்பார். மேற்பார்வையாளருக்கு அதற்கு மேல் வாதாடப் பொறுமை கிடையாது, அந்த ‘எனக்கு’வை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இதையும் மகளிடம் சொன்னேன். ஒருவருடைய சிவப்பு இன்னொருவருக்கு எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியவே வராது, இதில் இன்னும் யாரும் கரையேறவில்லை என்று அவள் ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

அடுத்து அவள் சொன்ன கோட்பாட்டில், மூளைக்குள் ஒரே நேரத்தில் ஆயிரம் வேலை தனித்தனியாக நடக்கிறது. எந்தச் சேதி எல்லாப் பகுதிக்கும் அறிவிக்கப்படுகிறதோ அது மட்டும்தான் நமக்குத் தெரிந்த சேதி. அறிவிக்கப்படாதது நடந்தும் தெரியாமல் போய்விடும். வேறு சிலர் இதை ஏற்பதில்லையாம். அறிவிக்காவிட்டாலும் அது ஒரு மூலையில் பார்க்கப்பட்டதுதான் என்று அவர்கள் வாதாடுகிறார்களாம். இந்த இடத்தில் நான் தலையாட்டவில்லை. எனக்கு அந்த விபத்து நினைவுக்கு வந்துவிட்டது.

உள்ளே வந்த டிரெய்லரை அடுக்கும் இடத்துக்குப் பின்வாங்கவைப்பதும் அந்தம்மாவின் வேலைதான். பின்கதவில் இருக்கும் இலக்கத்தைப் படித்து, சரி என்றால் ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும். கை அசைந்தால் வண்டி பின்னால் வரும். அன்று காலை பதினோரு மணி இருக்கும். அந்தம்மா வழக்கம்போல் படித்தார், எழுதினார், தன்னைக் கேட்டுக்கொண்டார், லிஸ்ட்டைப் பார்த்தார், கை காட்டினார். வண்டி பின்வாங்கியது. வண்டிக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். சடையங்குப்பத்திலிருந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி, யார்டைப் பெருக்கி, கிடக்கும் கயிறுகளைச் சுருட்டி வைக்கிறவர். பின்சக்கரம் அவருடைய வலது பாதத்தில் ஏறிவிட்டது.

எல்லோரும் ஓடினோம். அவரைத் தூக்கி வண்டியில் போட்டு அனுப்பியதும் கூட்டம் பேச ஆரம்பித்தது. “குறுக்க ஓடியாந்துட்டான் போல” என்றார் மேற்பார்வையாளர். அவர் அப்போது மாடியில் இருந்தவர், எதையும் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் அந்தப் ‘போல’ கழன்றுவிட்டது. ‘ஓடியாந்துட்டான்’ என்றே யார்டு முழுக்கப் பேசினார்கள். என்னைக் கேட்டார்கள். நானும் பார்த்தேன் என்றேன். பெட்டி அடுக்குகளுக்கு நடுவிலிருந்து அவர் குறுக்கே ஓடிவந்ததை நான் பார்த்தேன், தெளிவாக. அந்த இடத்தில் கேமரா இல்லை. என் சாட்சிதான் பெரிய சாட்சி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தம்மா அங்கே இல்லை. சக்கரத்தடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவும்தான் செய்தார். ஆனால் பார்த்துக்கொண்டே அழுதார்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. யார்டு அதிகாரி ஒருவர், பக்கத்தில் மேற்பார்வையாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வாக்குமூலங்களை எழுதும் வேலை எனக்கு. அந்தம்மாவுக்காக ஒன்று ஏற்கெனவே தயாராக எழுதி வைத்திருந்தார்கள்: ‘பாதையில் யாரும் இல்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கை காட்டினேன்.’ அதில் கையெழுத்துப் போட்டால் அந்தம்மா தப்பித்தார், யார்டும் தப்பித்தது. குற்றம் முழுக்கக் கால் நசுங்கியவர் மேல் போகும். அவருக்கு வேலையும் கிடையாது, வைத்தியத்துக்கும் யார்டு பொறுப்பில்லை.

அந்தம்மா படித்தார். தாளை மெல்லத் திருப்பி மேஜையில் வைத்தார். “இதுல பாத்துன்னு போட்டுகீது சார். நான் பாக்கல.”

“என்ன பாக்கல?”

“யாரும் இல்லன்றத பாக்கல. நம்பர பாத்தேன்.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “நேரா சொல்லுங்கம்மா. பாதையில ஆள் இருந்தாரா, இல்லையா?”

“இருந்தாரு.”

“அப்ப நீங்க பாத்திருக்கீங்க.”

“இல்ல சார். கவுத்த பாத்தேன். அப்பறமா. சக்கரத்துக்கு அடியில சுத்துன கவுறு வட்டமா அப்டியே நசுங்கினு கெடக்குது. ஒம்போது சுத்து, எண்ணிப் பாத்தேன். குறுக்க ஓடியார ஆளு கவுத்த அத்தினி ஒயுங்கா சுத்தினு வருவாரா? அவுரு அங்கயே நின்னுகினு, சுத்திகினு இருந்தாரு.”

“நின்னிருந்தா உங்களுக்கு எட்டடி முன்னால நின்னிருக்கணும். உங்க கண்ணுக்கு நேரா. எட்டடியில ஒரு ஆள் நிக்கிறது எப்படிம்மா தெரியாம போகும்?”

அந்தம்மா பதில் சொல்வதற்குள், ‘எல்லாப் பெட்டியையும் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்’ என்று மேற்பார்வையாளர் அன்றைய லிஸ்ட்டை அதிகாரி முன்னால் வைத்தார். அந்தம்மா வேலையில் ஏற்கெனவே தவறு செய்கிறவர் என்று காட்டலாமே என்ற எண்ணம். அதிகாரி விரல் வைத்து இலக்கம் இலக்கமாக அந்தம்மாவின் சிட்டையோடு ஒப்பிட்டார். ஒரு தவறும் இல்லை. இரண்டு பக்கம் முடித்து நிமிர்ந்தார்.

“டீ ஆறுது சார்” என்றார் அந்தம்மா.

அதிகாரியின் கைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ இருந்தது. ஏடு கட்டியிருந்தது. “இது எப்ப வந்தது?”

“கேன்டீன் அம்மா கொண்டாந்துச்சு. மூணு கிளாசு வெச்சுது. உங்களுது கொஞ்சம் சிந்திடுச்சு. உங்க போன தூக்கி, அடியில தொடச்சு, திருப்பி வெச்சிட்டுப் போச்சு.”

அதிகாரி தன் கைபேசியைப் பார்த்தார். அவர் எப்போதும் அதைக் கவிழ்த்துத்தான் வைப்பார். அது நிமிர்ந்து கிடந்தது. மேஜையில் ஈரத்துணி தேய்த்த தடம் இன்னும் காயவில்லை.

“நான் வேலையா இருந்தேன்மா” என்றார்.

“நானும் வேலையாத்தான் சார் இருந்தேன்.”

 நான் என் பக்கம் பார்த்தேன். எனக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் டீ இருந்தது. எனக்கும் அது வந்தது தெரியாது.

“கேன்டீன் அம்மா தெனிக்கும் வருது. அவுரும் தெனிக்கும் அங்கதான் நிப்பாரு. தெனிக்கும் இருக்கற ஆள மண்டைக்குள்ள யாரும் மைக்கு போட்டு சொல்றதில்ல சார். புச்சா ஒண்ணு வந்தாதான் சொல்லும். அவுரு என் கண்ணுக்கு நேராதான் நின்னாரு. பாத்தேனா இல்லியான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா கை காட்டி இருக்க மாட்டேன்.”

ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிற இடம் இதுதான் என்று மகள் சொல்கிறாள். எந்தக் கட்சி ஜெயிக்குமோ, எனக்குத் தெரியாது. ‘எனக்கே தெரியல’ என்பதைத் தன் வேலையைப் பணயம் வைத்துச் சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் யார்டுக்காரர்.

“இப்படி எழுதினா பொறுப்பு உங்க மேல விழும். தெரியுதா?” என்றார் அதிகாரி. குரல் முன்பு மாதிரி இல்லை.

“வியட்டும் சார். கை காட்டுனது நான்தானே.”

என் பேனா நின்றுவிட்டது. அந்தத் தொழிலாளி ஓடிவந்ததை நான் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. நீலச் சட்டை, வேகமான ஓட்டம். அன்று அவர் போட்டிருந்தது யார்டில் கொடுத்த ஆரஞ்சு மேல்கோட்டு. நானே என் கையால் அவரைத் தூக்கியிருக்கிறேன், அந்த ஆரஞ்சு என் சட்டையில் உரசியிருக்கிறது. பிறகு அந்த நீலச் சட்டை எங்கிருந்து வந்தது? மெல்ல மெல்லப் பிரித்துப் பார்த்தேன். அலறல் கேட்டது. திரும்பினேன். அவர் கீழே கிடந்தார். நடுவில் நான் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஓட்டம் முழுக்க மேற்பார்வையாளர் சொன்ன பிறகு வந்தது. ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட இருந்தேன், அதுவும் நல்ல மனசாட்சியோடு. 

“சார், நானும் என் வாக்குமூலத்த மாத்தணும்” என்றேன்.

மேற்பார்வையாளர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அந்தம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. ஜன்னல் வழியாக வெளியே, வண்டிகள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால் நசுங்கியவரின் வைத்தியத்தை யார்டு ஏற்றுக்கொண்டது, குணமான பிறகு உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுத்தது. அந்தம்மாவைக் கேட்டிலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டார்கள், நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். சில வருடம் கழித்து வேலையை விட்டு, மகளோடு ஆவடிப் பக்கம் போய்விட்டார். யார்டில் ஒரு புது விதி வந்தது. இலக்கம் படிக்கிறவர் கை காட்டக் கூடாது, கை காட்டுகிறவர் வேறு எதையும் படிக்கக் கூடாது. மஞ்சள் பெயின்ட்டில் சுவரில் எழுதியிருக்கிறார்கள். யாரால் வந்த விதி என்று எழுதவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லிவிடுவேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

விசாரணை முடிந்த மறுநாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், நானும் அந்தம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்தம்மா பைக்குள் வைத்திருந்தார். வார்டில் ஓரக்கட்டிலில் கால் நசுங்கியவர் படுத்திருந்தார். கால் முழுக்கக் கட்டு. பக்கத்தில் அவருடைய மனைவி, எங்கள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் கட்டிலில் இருந்தவர் முந்திக்கொண்டார்.

“யக்கா, நீ இன்னா பண்ணுவ. என் மேலதான் தப்பு. ஏன் அப்டி குறுக்க ஓடியாந்தேன்னு எனக்கே தெரியல. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், ஓடியாந்தது மட்டும் ஞாபகம் கீது. இவகிட்டகூட சொல்லி அயுதேன், என்ன மன்னிச்சுடுன்னு.”

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளில் அவரும் தான் ஓடியதைப் பார்த்துவிட்டார்.  அந்த ஓட்டத்துக்குப் பெரிய சாட்சி சொன்னவன் நான்.

அந்தம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஓடல நைனா.”

“ஓடலியா?”

“நின்னுகினு இருந்த. கவுறு சுத்திகினு இருந்த. உன் வேலய ஒயுங்கா பாத்துகினு இருந்த. நான்தான் உன்ன பாக்கல.”

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்புவதற்குப் பயப்படுகிறவர் மாதிரி இருந்தது. அந்தம்மா பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “உன் கையெழுத்துதானே. நீயே படி” என்றார். நான் நின்றபடியே படித்தேன். இரண்டாவது வரியை முடித்தேன். குனிந்திருந்த அவருடைய மனைவி நிமிர்ந்தாள்.

“அண்ணே, அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிங்க. இவரு காதுல நல்லா வியட்டும்.”

படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே படித்தேன்.

“அவர் ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தார்.”